போத்தலில் இருந்த கோடு

என் கதைக்கு ஒரு சமையலறை வேண்டியிருந்தது. மனதுக்குள் புதிதாக ஒன்றைக் கட்டச் சோம்பலாக இருந்ததால், அக்காவின் சமையலறையை அப்படியே தூக்கி வைத்துவிட்டேன். செய்தது அவ்வளவுதான். அதனால் அக்கா மகனின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில். அக்கா வீடும் என் வீடும் ஒரே தாமான் குடியிருப்பில், இரண்டு வரிசை தள்ளி. நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். அப்பா படுத்துவிட்டார், வீட்டில் ஒரு சம்பளம் தேவைப்பட்டது, போனேன். அன்றிலிருந்து தொழிற்சாலைதான். இப்போது பொந்தியான் போகும் சாலையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலப் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் வேனில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டித் தட்டித்தான் கதை எழுதப் பழகினேன். எழுதினால் கொஞ்ச நேரம் வேறு எதையும் நினைக்காமல் இருக்கலாம். கேஸ் மூடினேனா, முன் கதவைப் பூட்டினேனா, வேன் ஓட்டுகிறவர் தூங்கி வழிகிறாரா என்பதையெல்லாம்.

ஜொகூர் பாருவில் சிறுகதைப் பயிலரங்கு, கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். போவதற்கு முன் ஒரு வாரம் கவலைப்பட்டேன். எல்லாரும் ஆசிரியர்களாக இருப்பார்கள், எழுந்து நின்று என்ன படித்திருக்கிறோம் என்று சொல்லச் சொல்வார்கள் என்று பயம். அப்படி யாரும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்துக்கு மேலே ஒரு மின்விசிறி தள்ளாடித் தள்ளாடிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பேச வந்தவர் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், என்னைவிட வயது குறைந்தவர். பேச்சை நிறுத்திவிட்டு, மேலே என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். விசிறி விழுந்தால் யார் தலையில் விழும் என்று பார்க்கிறேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இவங்க சொன்னா இந்த விசிறி ஆபத்து. மண்டபத்துல வேலை செய்றவர் சொன்னா இது ஒரு தொல்லை. வெயில்ல நடந்து வந்தவர் சொன்னா சுகம். விசிறி ஒண்ணுதான். கதையை யார் வாயில குடுக்கறீங்களோ, அவங்க பார்த்த விசிறிதான் வாசகருக்குக் கிடைக்கும்" என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். யார் சொல்கிறார் என்று முடிவு செய்துவிட்டால் அவருக்குத் தெரியாதது எதையும் எழுதக் கூடாது. எழுதுகிற நமக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இது பிடித்துப்போயிற்று. சட்டம் மாதிரி ஏதாவது ஒன்று இருந்தால் எனக்கு நிம்மதி.

அந்தச் சட்டத்தை வைத்துத்தான் கதை எழுதினேன். புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண் 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டு போகிற கதை. அவளுடைய மாமியார் தினமும் காலையில் எண்ணெய் போத்தலின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுகிறாள், எண்ணெய் எவ்வளவு இருக்கிறதோ அந்த இடத்தில். ஒரு வார்த்தை பேசுவதில்லை, கோடு மட்டும்தான். தன்னைத் திருடி என்று நினைக்கிறார்கள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்கிறாள். பொரிப்பதை நிறுத்துகிறாள், தாளிப்பதை நிறுத்துகிறாள், எல்லாவற்றையும் அவிக்கிறாள். கடைசியில் ஒரு நாள் நகச்சாயம் அழிக்கும் தண்ணீரைத் தொட்டுக் கோடுகளையெல்லாம் துடைத்துவிட்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுகிறாள். மாமியார் ஏன் கோடு போட்டாள் என்று கதையில் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அதனால் நானும் எழுதவில்லை.

எனக்குத் தெரியும். கோடு போடுவது நான்.

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இவர் ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை செய்கிறார், சாயங்காலம் நான் வந்த பிறகுதான் போவார். பகல் முழுக்க வீட்டில் தனியாக. அவர் நாக்கு எனக்குத் தெரியும், கருவாடு என்றால் உயிரை விடுவார். அதனால் வேலைக்குக் கிளம்பும் முன் சமையலை முடித்துவிட்டு, சூரியகாந்தி எண்ணெய் போத்தலில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். எண்ணெய் கோட்டிலேயே நிற்கும். கைப்பையை இறக்கி வைப்பது அதற்குப் பிறகுதான். சில நாள் வீட்டில் கருவாட்டு வாசனை இருக்கும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் பொரிப்பதாக அவர் சொல்வார்.

என் கோட்டை எடுத்து அந்தப் பெண்ணின் வாயில் கொடுத்ததும் அது வேறாகிவிட்டது. எழுதும்போதே கவனித்தேன். வேன் குலுங்கக் குலுங்க, பரவாயில்லையே, நமக்குக்கூட வருகிறதே என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கதையை ஒரு பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. மறந்தும் போனேன்.

அந்த மாதங்களில்தான் அக்காவின் சின்ன மகனுக்குப் பெண் பேசினார்கள். அவன் சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில் வருவான். பெண்ணுக்கு ஊர் சிகாமட். பாலர் பள்ளியில் ஆசிரியை. ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் இருவரும் பார்த்துப் பழகி அவர்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் சரி என்று சொல்வதுதான் பாக்கி. பெண்ணின் அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். வழக்கம்போல் ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்துவிட்டார்கள், பெண்ணின் அம்மா நேராகச் சமையலறைக்கு வந்தார். வீடு பார்ப்பது என்றால் அதுதான். மகள் நிற்கப் போகிற இடத்தில் நின்று பார்ப்பது.

அந்தச் சமையலறையில் பார்க்க இருப்பவை இவை. நீலச் சில்லு பதித்த தொட்டி. குளிர்ப்பெட்டிக்கு மேலே அன்னாசிப் பழம் மாதிரி ஒரு கடிகாரம். மழைக்கு உப்பிப்போய்ச் சாத்தாத பின்கதவு, அதை ஆணியோடு சேர்த்துக் கட்டிய சிவப்பு ராப்பியா பிளாஸ்டிக் கயிறு. பெண்ணின் அம்மா அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, இதை யார் கட்டியது என்று கேட்டதும் அக்கா கூச்சப்பட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது அங்கேதான் பலகாரத் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் நன்றாகப் போயிற்று. தை பிறந்ததும் நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை வந்தது. என் பாஸ்போர்ட் படம், கீழே என் பெயர், ஊர் பெக்கான் நானாஸ். கதையில் நீலச் சில்லுத் தொட்டி, அன்னாசிக் கடிகாரம், ராப்பியா கயிறு எல்லாம் இருந்தன. நான் இரண்டு பிரதி வாங்கி ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மத்தியானம் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். உட்காரவில்லை. கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே, குசினியைப் பார்த்தேன், கொஞ்சம் யோசிக்க வேண்டும், என்று மட்டும் எழுதியிருந்தது.

"என் குசினிய ஊருக்கே தொறந்து விட்டுட்ட" என்றாள் அக்கா.

"அது கதைதான்க்கா. சும்மா எழுதினது."

"கதைன்னா அந்தக் கடிகாரத்தையாவது மாத்தியிருக்கலாம்ல?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. அக்காவின் பெரிய மருமகள் தனிக்குடித்தனமாகக் கூலாய் என்ற ஊரில் இருக்கிறாள். மகனுக்கு வேலை அங்கே, அதனால் போனார்கள், வேறு ஒன்றுமில்லை. ஆனால் கதையைப் படித்துவிட்டு யோசிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? கதையில் வீட்டை விட்டுப் போன 'நான்' பெரிய மருமகள், கோடு போட்ட மாமியார் அக்கா, கூட இருந்து பார்த்துவிட்டு எழுதியது சின்னம்மா. பெண்ணின் அம்மா போட்ட கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் படித்திருப்பேன்.

பெரிய மருமகளுக்குப் போன் போட்டோம். அவள் கதையை ஏற்கெனவே படித்திருந்தாள். "அலமாக், கதையில கூட என்னைத்தான் சமைக்க விடுறீங்களா அத்தை?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தாள். வேண்டுமென்றால் தானே சிகாமட்டுக்குப் பேசுவதாகவும் சொன்னாள். அக்கா வேண்டாம் என்றாள். மாமியார் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்த மாதிரி இருக்கும்.

சாயங்காலம் அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் மெதுவாகத்தான் பேசினான். இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் அவன் நினைத்ததில்லையாம். அவளும் அம்மாவை மீறி ஒன்றும் செய்ய மாட்டாளாம். "நான் போய்ப் பேசினா அம்மாவுக்கு வக்காலத்து வாங்குற மாதிரி இருக்கும். அம்மா பேசினா அவங்களக் காப்பாத்திக்கிற மாதிரி இருக்கும். எழுதினது நீங்கதானே சின்னம்மா, நீங்க போங்க" என்றான்.

யார் சொல்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பயிலரங்கு போகாமலே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்காரர் காரை ஓட்ட, அக்காவும் நானும் சிகாமட்டுக்குப் போனோம். யோங் பெங் தாண்டியதிலிருந்து மழை. ஆறு நிறைந்து ரோட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, ஆற்றைப் பார்த்தது போதும், அங்கே போய் என்ன பேசப் போகிறாய் என்று பார், என்றாள். லாபிஸ் வரும்வரை மனதுக்குள் பேசிப் பார்த்தேன். கதைசொல்லி வேறு, எழுதுகிறவர் வேறு. இதை விசிறியை வைத்துச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

சிகாமட் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். மேசையில் பிஸ்கட் டின்னுக்கு அடியில் அந்தப் பத்திரிகை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெண்ணின் அப்பா எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரோடு வெளியே மழையைப் பார்க்கப் போய்விட்டார். பெண் அம்மாவுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் விசிறியை ஆரம்பித்தேன். ஒரே விசிறி, மூன்று பேர், மூன்று விதம், என்று சொல்லிக்கொண்டு போனேன். பெண்ணின் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத ஆள்.

"விசிறி இருக்கட்டும்மா" என்றார். "எழுதுனது நீங்க. பேசுறது ஒரு பொண்ணு. குசினி உங்க அக்காவோடது. இதுல நான் யாரை நம்புறது, சொல்லுங்க."

நான் போன பயிலரங்கில்கூட இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்கவில்லை.

அக்கா இடையில் புகுந்து, தன் வீட்டில் போத்தல் எண்ணெயே கிடையாது, பொட்டல எண்ணெயை வெட்டி டின்னில் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம் என்றாள். உண்மைதான். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்னது பொய் மாதிரி இருந்தது. அக்காவுக்கே அது தெரிந்து பாதியில் நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அக்கா மகனுக்கு எப்படிப் போன் செய்வது, முதல் வார்த்தை என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது அந்தப் பெண் கேட்டாள். "ஆன்ட்டி, அந்த மாமியார் ஏன் கோடு போட்டாங்க? அத நீங்க எழுதவே இல்லையே. நான் ரெண்டு தடவ படிச்சேன்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதும்மா. அதான் எழுதல."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அம்மா.

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"ஆமா."

"அப்போ இப்போ சொல்லுங்க."

சொன்னேன். ஸ்டென்ட், மருத்துவர், கருவாடு, சூரியகாந்தி எண்ணெய், மார்க்கர், வேலைக்குப் போகும் அவசரம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதும்போது விட்டதையெல்லாம் பேசும்போது சேர்த்துவிட்டேன். சாயங்காலம் வேனை விட்டு இறங்கி நடக்கும்போது என் வீட்டு வாசலில் ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்களா என்று பார்ப்பேன். யாரும் இல்லை என்றால் உள்ளே போவேன். எண்ணெய் கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், இன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதையும் சொன்னேன். அக்காவுக்கே இது தெரியாது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டின்னைத் தூக்கிப் பத்திரிகையை எடுத்து, கதையின் ஒரு இடத்தை விரலால் தேடினார். கோட்டைப் பற்றி வருகிற இடம். வாசித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார்.

"நீங்க சொல்றப்ப அது வேறயாதான் இருக்கு" என்றார். "ஆனா நீங்க கதை எழுதுறவங்க. இதையும் எழுதற மாதிரியே சொல்லியிருக்கலாம்."

அக்கா பெருமூச்சு விட்டாள்.

"உங்க வீட்ட நான் பாக்கணும்" என்றார் பெண்ணின் அம்மா. என் வீட்டை.

திரும்பி வரும்போது காரில் அக்கா சொன்னாள், மாப்பிள்ளையின் சின்னம்மா வீட்டுக் குசினியைப் பார்த்துச் சம்பந்தம் முடிவு பண்ணுவது உலகத்திலேயே நம் குடும்பத்தில்தான் இருக்கும், என்று. என் வீட்டுக்காரர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்கள் வந்து கோடுகளைப் பார்த்தால் சின்னம்மாவுக்குக் கொஞ்சம் மூளை பிசகு என்று நினைப்பார்கள். கோடு இல்லாவிட்டால் கோடு போட்டது அக்கா என்று ஆகிவிடும். அதனால் கோடு இருக்க வேண்டும், ஆனால் நிறைய இருக்கக் கூடாது. பழைய கோடுகளைத் துடைத்துவிட்டு ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைக்கலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் அது ஜோடனை. ஒன்றையும் தொடாமல் விட்டேன்.

என் வீட்டுக்காரர்தான் சாதாரணமாக இல்லை. பழைய போத்தல் பிசுபிசுப்பாக இருக்கிறது, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், புதுசாக ஒன்று வாங்கி வைத்து அதில் கோடு போட்டுவிடேன், என்றார். இரண்டு முறை சொன்னார். அந்தப் போத்தல்தான் நமக்குச் சாட்சி, தொடவே கூடாது, என்றேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். என் பைத்தியக்காரத்தனம் மற்றவர்களுக்குத் தெரிவதில் அவருக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தார்கள், அம்மாவும் மகளும். ஒரு வாரமாக விடாத மழை, வீடெல்லாம் சில்லென்று இருந்தது. அக்கா முன்னாலேயே வந்து என் சமையலறையைத் துடைத்துவைத்திருந்தாள். பெண்ணின் அம்மா முன்னறையில் உட்காரவே இல்லை. நேராக உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த போத்தலை எடுத்தார். சன்னலுக்கு நேராகப் பிடித்தார். போத்தல் முழுக்கக் கறுப்புக் கோடுகள், கீழிருந்து மேல்வரை ஏணி மாதிரி. கோடுகளை விரலால் தடவினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பழைய கோடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் மங்கியிருந்தன, போன வாரம் அவசரமாகப் போட்டவை அல்ல என்பது யாருக்கும் தெரியும். நான் மூச்சை விட்டேன். அக்காவும்.

அவர் போத்தலைக் கீழே வைக்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன எண்ணெய்னு சொன்னீங்க?"

"சூரியகாந்தி."

"சூரியகாந்தி இப்படி உறையாதும்மா."

நானும் பார்த்தேன். போத்தலின் அடியில் வெள்ளையாக, மேகம் மாதிரி திரண்டு நின்றது. செம்பனை எண்ணெய் குளிருக்கு இப்படித்தான் திரளும், சமைக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் காலையும் மாலையும் அந்தப் போத்தலை எடுத்துப் பார்க்கிறவள் நான். நான் பார்த்தது கோட்டை மட்டும்.

பெண்ணின் அம்மா மெதுவாகத் திரும்பிக் கதவருகே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அக்கா பார்த்தாள். பெண்ணும் பார்த்தாள். நான்தான் கடைசியாகப் பார்த்தேன்.

"செருப்பு அலமாரியில இருக்கு" என்றார் அவர்.

செருப்பு அலமாரியில் பழைய தலைக்கவசத்துக்குள், வாயை ரப்பர் பட்டையால் சுற்றிய ஒரு பொட்டலச் செம்பனை எண்ணெய் இருந்தது. அக்காதான் எடுத்து வந்தாள். கூடவே காகிதத்தில் சுற்றிய கருவாடும் வந்தது. கருவாடு பொரிக்கப் போத்தல் எண்ணெய், அப்புறம் கோடு வரைக்கும் பொட்டல எண்ணெயை ஊற்றி நிரப்புவது. அதுதான் அவர் முறை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். கழுத்தைச் சொறிந்தார். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் கருவாடு பொரிப்பவளா என்று கேட்டேன். அவங்க சைவம், என்றார்.

முதலில் சிரித்தது பெண்தான். வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். அப்புறம் அவள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "உள்ளூர்ல ஒரு மாமியாரும் இப்படி ஏமாந்திருக்க மாட்டா லா" என்றாள் அக்கா. அதுவரை எனக்குக் கோபம் வரவில்லை, அவள் சொன்னதும் வந்தது. உனக்குச் சிரிப்பு, அவருக்கு இதயத்தில் இரும்பு வைத்திருக்கிறார்கள், என்றேன்.

பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. கோடு போட்டது நீங்கதான், எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "சம்பந்தி, அந்தப் பின்கதவ மட்டும் கல்யாணத்துக்கு முன்னால மாத்திடுங்க" என்றார்.

அக்கா சம்பந்தி என்ற வார்த்தையைக் கேட்டதும் அழுதுவிட்டாள். அவளை அழ விட்டுவிட்டு நான் தேநீர் போட்டேன். அக்கா மகனுக்கு அந்தப் பெண்ணே போன் செய்தாள். வாசலில் நின்று மெதுவாகப் பேசினாள், என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. தையில் நாள் பார்த்தார்கள். பின்கதவை மாற்றினார்கள். ராப்பியா கயிற்றை அவிழ்த்தபோது, இதைப் பத்திரிகைக்கு அனுப்பி வை, என்று அக்கா என்னிடம் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரரோடு நான் கொஞ்ச நாள் சரியாகப் பேசவில்லை. அடுத்த பரிசோதனைக்கு நானே கூடப் போனேன். மருத்துவரிடம் பொட்டல எண்ணெய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெரிதாகத் திட்டவில்லை, கருவாட்டு உப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார். எனக்கு இப்போது உப்பைப் பற்றிக் கவலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஊறவைத்து உப்பு எடுத்து, நானே பொரித்துக் கொடுப்பது என்று ஆயிற்று.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் பக்கத்துக் கதையை எழுதிப் பார்த்தேன். கோட்டை என் வாயால் சொல்லியாயிற்று, மருமகள் வாயால் சொல்லியாயிற்று, இவர் வாயால் சொன்னால் எப்படி இருக்கும் என்று. 'என் மனைவியின் அன்பு எனக்குப் பாரமாக இருந்தது, எனினும் அவளை வருத்த நான் விரும்பவில்லை' என்று தொடங்கினேன். அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எனினும்ங்கறது யாரு?" என்றார். "நான் எப்போ அப்படிப் பேசினேன்?"

அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள், நான் தட்டிக்கொள்கிறேன், என்றேன். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அவ கோடு போட்டுட்டுப் போவா. நான் கோட்டுக்கு ஊத்தி வச்சிருவேன். சாயங்காலம் வந்து அதப் பாத்தாதான் அவ பைய கீழ வைப்பா."

கைப்பையை அவர் கவனித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் சிகாமட்டில் வாசல் வரைக்கும் சொன்னேன், எண்ணெய் வரைக்கும் சொன்னேன், பையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொன்ன மாதிரியே தட்டிக்கொண்டேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை. மேற்கொண்டு என்ன என்று கேட்டதற்கு, அவ்வளவுதான், என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதையே தொடக்கமாக வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் அதில் 'அவ' என்று மட்டும் வருகிறேன், வெளியிலிருந்து பார்த்தபடி. காலையில் மார்க்கரைத் தேடுகிற, சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடுகிற ஒருத்தி. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும், சொல்ல முடியாது. அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. சமையலறை இந்த முறை எங்களுடையதுதான். அக்கா வந்து கைப்பேசியை வாங்கி இதுவரை எழுதியதைப் படித்தாள், தன் வீட்டுச் சாமான் எதுவும் வருகிறதா என்று. ஒன்றும் இல்லை. கடிகாரம் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தினாள். எங்கள் வீட்டுக் கடிகாரம் வெறும் வட்டம். வட்டமாகவே எழுதியிருந்தேன்.

"மாத்து" என்றாள் அக்கா. "எதுக்கு வம்பு."

சதுரமாக மாற்றிவிட்டேன்.